தடைசெய்ய முடியாத அளவுக்குச் சிறிய கட்சி

2024 ஜனவரி 23 அன்று, கார்ல்ஸ்ரூஹே நகரில் உள்ள ஜெர்மனியின் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம், ‘தாயகம்’ என்னும் கட்சிக்கு ஆறு ஆண்டுகளுக்கு அரசு நிதியோ வரிச் சலுகையோ கிடையாது என்று தீர்ப்பளித்தது. 2021 நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி பெற்ற வாக்குகள் 0.1% மட்டுமே. அரசு நிதி பெறத் தேவையான குறைந்தபட்ச வாக்குகளைக்கூடத் திரட்ட முடியாததால், தீர்ப்புக்கு முன்பே அதற்கு நிதி வருவது நின்றுபோயிருந்தது. 2023 ஜூலையில் நடந்த வாய்மொழி விசாரணைக்குக் கட்சியின் தரப்பில் யாரும் வரவில்லை. செத்த பாம்பை அடிக்க நாட்டின் உச்ச அமைப்புகள் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஆனால், இன்றைய ஜெர்மனியின் பெரிய அரசியல் சிக்கலைப் புரிந்துகொள்ள இந்தச் சிறிய கட்சியின் கதையைவிட நல்ல வழி வேறில்லை என்றே கருதுகிறேன்.

2023 ஜூன் மாதம் ரீசா நகரில் நடந்த மாநாட்டில்தான் அது ‘தாயகம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதுவரை அதன் பெயர் ஜெர்மனி தேசிய ஜனநாயகக் கட்சி (என்.பி.டி.). 1964இல் ஹனோவரில் தொடங்கப்பட்ட இக்கட்சி, 1966 முதல் 1968 வரை ஏழு மாநிலச் சட்டமன்றங்களில் நுழைந்து ஐரோப்பாவைத் திடுக்கிடச் செய்தது. 1969 நாடாளுமன்றத் தேர்தலில் 4.3% வாக்குகள் பெற்று, 5% என்னும் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தது. பிறகு முப்பது ஆண்டுக் காலம் விளிம்பில் கிடந்தது.

ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் ஒரு கசப்பான அனுபவத்திலிருந்து பிறந்தது. ஜனநாயகத்தின் கதவு வழியாகவே உள்ளே வந்து ஜனநாயகத்தைப் பூட்டியவர் ஹிட்லர் என்பதால், சுதந்திர ஜனநாயக ஒழுங்கைத் தகர்க்க முயலும் கட்சிகளைத் தடைசெய்ய அதன் 21ஆவது கூறு வழிவிடுகிறது. ஆளும் கட்சி தன் எதிரிகளை ஒழிக்க இதைப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, தடைசெய்யும் அதிகாரம் அரசமைப்பு நீதிமன்றத்திடம் மட்டுமே இருக்கிறது. கட்சிக்கு எதிரான முடிவுக்கு எட்டு நீதிபதிகளில் ஆறு பேரின் ஒப்புதல் வேண்டும். இதுவரை இரண்டு கட்சிகளே தடைசெய்யப்பட்டுள்ளன: 1952இல் நாஜிகளின் வாரிசான சோசலிச ரைஷ் கட்சி, 1956இல் கம்யூனிஸ்ட் கட்சி.

என்.பி.டி.யைத் தடைசெய்ய 2001இல் நடந்த முதல் முயற்சி, அரசுக்குப் பெரும் அவமானமாக முடிந்தது. உளவுத் துறைகள் அந்தக் கட்சியைக் கண்காணிக்க ஆட்களை உள்ளே வைத்திருந்தன; கட்சியின் தேசிய, மாநிலத் தலைமைக் குழுக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் அரசிடம் பணம் பெற்ற உளவாளி என்ற உண்மை நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. கட்சிக்கு எதிராக அரசு எடுத்துக்காட்டிய வெறுப்புப் பேச்சுகளில் சில, அந்த உளவாளிகளுடையவை! எது கட்சியின் குரல், எது அரசின் சம்பளத்தில் ஒலித்த குரல் என்று எப்படிப் பிரிப்பது? மூன்று நீதிபதிகள் வழக்கைத் தொடர முடியாது என்றனர்; 2003இல் வழக்கு கைவிடப்பட்டது. மறு ஆண்டே சாக்சனி மாநிலத் தேர்தலில் அக்கட்சி 9.2% வாக்குகளுடன் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது. ‘ஹார்ட்ஸ்-4’ எனப்பட்ட உதவித்தொகைச் சீர்திருத்தத்துக்கு எதிராகக் கிழக்கு ஜெர்மனி கொந்தளித்துக்கொண்டிருந்த கோடைக்காலம் அது. வழக்கின் தோல்விதான் அந்த வெற்றியைத் தந்தது என்று சொல்வதற்கில்லை. வேலையிழந்தவர்களின் கோபம் அதற்குப் போதுமானதாக இருந்தது. 2005 ஜனவரியில், நாஜி ஆட்சியில் கொல்லப்பட்டவர்களுக்காக அதே சட்டமன்றம் மௌன அஞ்சலி செலுத்தியபோது அக்கட்சியின் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். டிரெஸ்டன் மீதான நேசநாடுகளின் குண்டுவீச்சை யூத இனப்படுகொலைக்கு இணைவைத்து அவையிலேயே பேசினர்.

இரண்டாவது வழக்கை மாநிலங்களின் அவை 2013 இறுதியில் தொடுத்தது. இம்முறை உளவாளிகள் முன்கூட்டியே விலக்கப்பட்டனர். 2017 ஜனவரி 17 அன்று வந்த தீர்ப்பு விசித்திரமானது. இந்தக் கட்சியின் நோக்கம் அரசமைப்புக்கு விரோதமானது. வம்சாவளியால் மட்டுமே ஒருவர் மக்கள் சமூகத்தின் உறுப்பினராக முடியும் என்னும் அதன் கொள்கை மனித மாண்பை மீறுகிறது. நாஜிக் கொள்கையுடன் அதற்கு நெருங்கிய உறவுண்டு. இவ்வளவையும் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக ஏற்றனர். ஆனாலும் தடைசெய்ய மறுத்தனர். ஆறாயிரத்துக்கும் குறைவான உறுப்பினர்களைக் கொண்ட, எந்தச் சட்டமன்றத்திலும் இல்லாத இந்தக் கட்சியால் தன் நோக்கத்தை நிறைவேற்ற முடியும் என்பதற்குத் திட்டவட்டமான அறிகுறி ஏதும் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வெற்றி வாய்ப்பு இல்லாவிட்டாலும் தடைசெய்யலாம் என்ற 1956ஆம் ஆண்டு அளவுகோல் இத்துடன் கைவிடப்பட்டது.

அந்தத் தீர்ப்பு சரியானதே என்பது என் கருத்து. கருத்தின் அருவருப்பை மட்டுமே காரணமாக்கி ஒரு கட்சியை ஒழிப்பது, அரசின் கையில் ஆபத்தான ஆயுதத்தைக் கொடுத்துவிடும். ஆனால், ‘வாய்ப்பில்லை’ என்ற கணிப்பு ஓர் அமைப்பைப் பற்றியது. அது சுமந்த கருத்தைப் பற்றியது அல்ல. இரண்டும் ஏற்கெனவே பிரியத் தொடங்கியிருந்தன. 2014 சாக்சனித் தேர்தலில் என்.பி.டி. 4.95% பெற்று மயிரிழையில் அவையை இழந்தபோது, யூரோ நாணயத்தை எதிர்த்த பொருளாதார அறிஞர்கள் அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய ‘ஜெர்மனிக்கான மாற்று’ (ஏ.எஃப்.டி.) 9.7% பெற்று உள்ளே வந்தது. 2016இல் மெக்லன்பர்க்-மேற்கு பொமரேனியாவில் என்.பி.டி. 3 சதவீதத்துக்குச் சுருங்கித் தன் கடைசிச் சட்டமன்றத்தையும் இழந்தது; ஏ.எஃப்.டி.க்கு 20.8%. அகதிகள் வருகையையொட்டிய அச்சத்தில் அது வேறொரு கட்சியாக மாறிக்கொண்டிருந்தது. அதன் வாக்காளர்கள் எல்லோரும் பழைய என்.பி.டி.காரர்கள் அல்லர்; எண்ணிக்கையே அதை மறுக்கும். ஆனால், என்.பி.டி.க்கு வாக்களிக்கக் கூசியவர்களுக்குக் கூச்சமில்லாத இடம் ஒன்று கிடைத்தது.

தேர்தல் கணக்குகளுக்கு வெளியே நடந்த ஒரு சிறு நிகழ்வை இங்கே சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் ஹெஸ்ஸே மாநிலத்தின் ஆல்டன்ஷ்டாட் நகராட்சிக்கு உட்பட்ட வால்ட்சீட்லுங் என்னும் சிற்றூரில், ஊர் மன்றத் தலைவராக என்.பி.டி. நிர்வாகி ஒருவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாக்களித்தவர்களில் கிறித்துவ ஜனநாயக ஒன்றியம், சமூக ஜனநாயகக் கட்சி, தாராளவாத ஜனநாயகக் கட்சி ஆகியவற்றின் உறுப்பினர்களும் இருந்தனர். காரணம் கேட்டபோது, வேறு யாரும் அந்தப் பொறுப்புக்கு முன்வரவில்லை. அவருக்குக் கணினி தெரியும், மின்னஞ்சல் அனுப்பத் தெரியும் என்றனர். நாடு முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகு, அடுத்த மாதமே வாக்களித்து அவரை நீக்கினர். எந்த நீதிமன்ற அளவுகோலும் இந்த இடத்தை அளக்காது. வெறுப்பு இங்கே வென்றது என்றுகூடச் சொல்ல முடியாது. யாரும் உட்கார விரும்பாத நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு குறிப்பையும் விட்டுச்சென்றது: தடைக்குக் குறைந்த நடவடிக்கைகள் வேண்டுமென்றால் அரசமைப்பைத் திருத்துவோர்தாம் முடிவெடுக்க வேண்டும். நாடாளுமன்றம் சில மாதங்களிலேயே 21ஆவது கூறைத் திருத்தியது. கட்சியின் நோக்கம் அரசமைப்புக்கு விரோதமானது என்று நிறுவினால், அதற்கு வெற்றி வாய்ப்பு இல்லாவிட்டாலும் நிதியை நிறுத்தலாம். 2024 தீர்ப்பு இந்தப் பிரிவின் முதல் பயன்பாடு. செத்த பாம்பை அடித்ததன் பயன் இதுதான்: புதிய கருவி வேலை செய்கிறது என்று தெரிந்தது, எது அரசமைப்புக்கு விரோதம் என்பதற்கான வரையறையும் உறுதிப்பட்டது.

அந்த வரையறை இப்போது வேறு இடத்தில் பொருத்திப் பார்க்கப்படுகிறது. 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் ஏ.எஃப்.டி. 20.8% வாக்குகளுடன் இரண்டாம் இடம் பிடித்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர மாநிலத்தில் அது பெற்ற அதே எண் என்பது தற்செயல்தான். மே மாதம் அரசமைப்புப் பாதுகாப்பு அலுவலகம் அதை உறுதிசெய்யப்பட்ட தீவிர வலதுசாரி அமைப்பு என்று வகைப்படுத்தியது. கட்சி நீதிமன்றம் சென்றதும், வழக்கு நிலுவையில் இருப்பதால் அந்த அறிவிப்பைத் தாற்காலிகமாக நிறுத்திவைத்தது. அலுவலகம் சொன்ன முதன்மைக் காரணம், வம்சாவளி அடிப்படையில் மக்களை வரையறுக்கும் கொள்கை. என்.பி.டி. வழக்கில் நீதிமன்றம் மனித மாண்புக்கு எதிரானது என்று சொன்ன அதே இடம்.

சிறியதாக இருந்தால் தடை தேவையில்லை, பெரியதாகிவிட்டால் தடை சாத்தியமில்லை என்று ஜெர்மனியில் அலுப்புடன் பேசப்படுவதுண்டு. இதில் பாதிதான் உண்மை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெற்றி வாய்ப்பு என்னும் நிபந்தனையை ஏ.எஃப்.டி. எளிதாக நிறைவுசெய்கிறது. கடினமானது நோக்கத்தை நிறுவுவது. என்.பி.டி.யின் திட்ட அறிக்கையைப் படித்தாலே அதன் நோக்கம் தெரிந்துவிடும். ஏ.எஃப்.டி.யின் எழுத்துவடிவத் திட்டம் எச்சரிக்கையானது. மேடைப் பேச்சுகளையும் சமூக ஊடகப் பதிவுகளையும் கோத்துத்தான் வழக்கைக் கட்ட வேண்டும். அதைவிடக் கடினமானது, வாக்களித்தவர்களில் ஐந்தில் ஒருவருடைய தேர்வை எட்டு நீதிபதிகள் நீக்குவதை ஒரு சமூகம் எப்படித் தாங்கும் என்ற கேள்வி. ஆண்டுக்கு ஒரு கோடி யூரோவுக்கு மேல் அரசு நிதி பெறும் கட்சிக்கு நிதித் தடையே போதுமான அடி என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு அந்த வழி கூடுதல் நிதானமானதாகத் தோன்றுகிறது; ஆனால், நோக்கத்தை நிறுவும் சுமை அதிலும் அணுவளவும் குறையாது.

எந்த வழியானாலும் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்காது. நாடாளுமன்றம், மாநிலங்களின் அவை, கூட்டாட்சி அரசு ஆகிய மூன்றில் ஒன்று விண்ணப்பிக்க வேண்டும். தடைக்கான ஆயத்தங்களைத் தொடங்க வேண்டும் என்று 2025 ஜூனில் சமூக ஜனநாயகக் கட்சி மாநாடு தீர்மானித்தது. அதன் கூட்டாளியான பிரதமர் ஃபிரீட்ரிஷ் மெர்ஸ், தடை முயற்சி அரசியல் போட்டியாளரை அப்புறப்படுத்துவதாகவே தோன்றும் என்று தயங்குகிறார். தாயகம் கட்சி மீதான ஆறாண்டு நிதித் தடை 2030 ஜனவரியில் முடிகிறது. அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் முறைப்படி நடக்க வேண்டியது அதற்கு முன்பு, 2029இல்.