குகை ஓவியமும் நம் கடமையும்

விழாக் காலத்திலே கல்லிற் பெயர் பொறித்தல் நம்மவர் வழக்கம். அடிக்கல் நாட்டியவர், பொருள் உதவியவர், அதிபராய் இருந்து உழைத்தவர் ஆகியோர் பெயர்களைக் கல்லூரிச் சுவர்களிற் காண்கின்றோம். நன்றி மறவாமைக்கு அடையாளமாதலின் அது போற்றத் தக்கதே. ஆயினும், கல்லிலே பெயர் எழுதும் ஆசை எங்கே அறமாகின்றது, எங்கே பிழையாகின்றது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் எனக்கு உணர்த்தினான். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பெற்ற பயிற்சியில் அப்பாடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதனைப் பழைய மாணவரோடும் இன்றைய மாணவரோடும் பகிர்ந்துகொள்ள இம்மலரினும் ஏற்ற இடம் பிறிதில்லை எனக் கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

மேல்வகுப்பு மாணவர் முப்பதின்மரை அழைத்துக்கொண்டு அநுராதபுரத்துக்குச் சுற்றுலாச் சென்றிருந்தோம். ஹற்றனில் நள்ளிரவுப் பனியிற் பேருந்தேறி, கண்டியையும் தம்புள்ளையையும் கடந்து, பொழுது புலரும் வேளையில் அந்நகரை அடைந்தோம். முதல் நாள், யாவரும் காணும் இடங்களைக் கண்டோம். மறுநாள் வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தந்திரிமலைக்குப் புறப்பட்டோம். வில்பத்துக் காட்டை அடுத்து, மல்வத்து ஓயாவின் அருகே, வெயிலிற் கொதிக்கும் பாறைவெளி அது. பாறையிலே செதுக்கிய புத்தர் திருவுருவங்கள் இரண்டு அங்கே உள்ளன. ஒன்று அமர்ந்த கோலம். மற்றொன்று கிடந்த கோலம். அவற்றைக் காண வருவோர் பலர். அவற்றுக்கு அப்பால், பாறைகளுக்கு இடையே உள்ள குகைகளை நாடிச் செல்வோர் சிலரே.

அக்குகைகளின் சுவரில் வெளிறிய சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தன. உற்று நோக்க நோக்க அவை உருவங்களாயின. கைகளை விரித்து நிற்கும் மனிதர், வில், விலங்குகள், கதிர் விரித்த வட்டம் போன்றவை ஒவ்வொன்றாய்ப் புலப்பட்டன. வேடரின் முன்னோர் தீட்டியவை அவை என்பர் அறிஞர். மாணவர் முகங்களிலோ ஏமாற்றமே தெரிந்தது. சிகிரியாவின் வண்ண மகளிரைப் படத்திற் கண்ட கண்களுக்கு இவை பாலர் வகுப்புப் பலகையிற் கிறுக்கியன போலத் தோன்றின. ஒருவன் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தான்.

நான் அறிந்த செய்தியொன்றை அவர்களுக்குச் சொன்னேன். செலிக்மன் என்னும் ஆங்கில அறிஞரும் அவர் மனைவியாரும் 1907, 1908ஆம் ஆண்டுகளில் நம் நாட்டு வேடரிடையே சென்று ஆராய்ந்து, 1911இல் பெருநூலொன்றை வெளியிட்டனர். குகைகளிற் படம் வரைந்தோர் பெரும்பாலும் பெண்களே என அவர்களுக்குக் கூறப்பட்டது. ஆடவர் வேட்டைக்குச் சென்றிருக்க, அவர் வரவை நோக்கியிருந்த பெண்டிர், அடுப்புச் சாம்பலை உள்ளங்கையில் எடுத்து, எச்சிலிற் குழைத்து, விரலாற் பாறையிலே தீட்டினராம். தந்திரிமலைக் கோடுகளை இட்ட கை எத்தகையதென யாரும் கண்டாரிலர். எனினும் அம்மரபை நினைந்து பார்க்கும்போது, அக்குகை காட்சிச்சாலையாகத் தோன்றவில்லை. ஒரு குடும்பத்தின் வீடாகவே தோன்றியது. சிரித்தவனும் பின்னர்ச் சிரிக்கவில்லை.

புறப்படும் நேரத்திலே ஒருவன் குறைந்தான். திரும்பிச் சென்று பார்த்தேன். ஓர் உருவத்துக்கு ஒரு சாண் தள்ளி, கணிதப் பெட்டியின் கவராய முனையால் அவன் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறிக்கொண்டிருந்தான். அங்கே அவனுக்கு முன்வந்தோர் கீறிய பெயர்களும் இருந்தன. சினத்தோடு "ஏன் இப்படிச் செய்தாய்?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கயாவது நம்ம பேரு இருக்கட்டுமேன்னுதான் சேர்" என்றான். என் நாவில் எழுந்த கடுஞ்சொல் நாவிலேயே நின்றுவிட்டது.

ஏனெனில், தோட்டத்திலே பிறந்தவன் அச்சொல்லை அத்துணை எளிதிற் கடந்துபோக இயலாது. நம் தோட்டங்களிலே 'பேர்' என்றால் ஒரு நாட் கூலி. கொழுந்து குறைந்த அன்று அரைப்பேர். என் தாயார் ஆயிரமாயிரம் நாள் பேர் பெற்றார். ஆயினும் அவர் பெயர் செக்ரோலில் அன்றி எந்த நிலத்தின் உறுதியிலும் எழுதப்பட்டதில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் எம் முன்னோரின் பெயர்களை நாட்டின் ஏட்டிலிருந்து நீக்கியது. 1964இன் ஒப்பந்தம் அப்பெயர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோர்க்கெல்லாம் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

இன்னுமொன்று. தந்திரிமலையின் அருகே ஓடும் மல்வத்து ஓயாவே, மன்னார்ப் பகுதியில் அருவியாறு எனப் பெயர் பெற்று அரிப்புக் கடலோரத்தை அடைகின்றது. அம்மன்னார்க் கரையில் இறங்கிய எம் பாட்டன் பாட்டியர், காட்டு வழியே நடந்து மாத்தளையை நோக்கி வந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலே வீழ்ந்தவர் பலர். அவர்களுக்கு நடுகல் நாட்டுவார் இலர். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர் மேற்கொண்ட நடைபயணம் அவர்களை நினைந்து செய்ததே. ஆகவே, பெயரின்றி மடிந்தோரின் வழித்தோன்றல் ஒருவன், அவர்கள் நடந்த காட்டுப் புறத்திலே, கல்லொன்றில் தன் பெயரை எழுத விழைந்தமை எனக்கு வியப்பளிக்கவில்லை.

ஆயினும் அது தவறே. அவ்விழைவு நியாயமானது, அவன் தேர்ந்த கல் அவனுடையது அன்று. பெயரற்றோர் தமக்குப் பெயர் தேடும்போது, தம்மினும் பெயரற்றோர் ஒருவரின் எழுத்தை அழித்துத் தேடலாகாது. நான் இக்கட்டுரையிற் சொல்ல விழைவது இது ஒன்றே.

நம்மினும் பெயரற்றோர் உளரோ என வினவுவார்க்கு வேடர் வரலாறு விடை கூறும். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வேடரெனப் பதிவாயினர். 1946இல் அத்தொகை இரண்டாயிரத்துச் சில்லறையாகச் சுருங்கியது. 2012இல் அவர்களுக்கெனத் தனிவரி இல்லை; 'ஏனையோர்' என்னும் வரியில் அடங்கினர். 1983இல் மதுறு ஓயாத் தேசிய வனம் அமைக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடு அவர்களுக்கு விலக்கப்பட்ட நிலமாயிற்று. காட்டை விட்டு வரமாட்டேன் என நின்ற முதியவர் திசாஹாமி 1998இல் மறைந்தார். காட்டையும் வேட்டையையும் இழந்தோர்க்கு எஞ்சிய சாசனம் அச்சாம்பற் கோடுகள் அல்லவோ?

சைவப் பிள்ளைகளாகிய நமக்கு இதிற் கூடுதற் கடமையும் உண்டு. வேடர் குலத்திலே வளர்ந்த வள்ளியம்மையைக் கதிர்காமத்திற் கைதொழுகின்றோம். ஊன் படைத்து வழிபட்ட வேடர் கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்குகின்றோம். கோயிலில் வேடருக்குத் தலைவணங்கிவிட்டு, குகையில் வேடர் சுவரைக் கீறுதல் எவ்வகையிற் பொருந்தும்?

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். சிகிரியாக் கண்ணாடிச் சுவரிலே அக்காலத்தோர் கிறுக்கியவற்றைப் பேராசிரியர் பரணவிதான தொகுத்து, 685 பாடல்களாக 1956இல் பதிப்பித்தாரே. அன்றைய கிறுக்கல் இன்று இலக்கியமானால், இன்றைய கிறுக்கல் நாளை இலக்கியமாகாதோ என்பர். அவர்கள் எழுதியது ஓவியத்தைக் கண்டு எழுந்த உள்ளத்தின் பாடல். எழுதிய இடமும் ஓவியம் இருந்த பாறையன்று, அதற்கு எதிரே இருந்த சுவர். நாம் எழுதுவதோ, 'நான் வந்தேன்' என்னும் செய்தி மாத்திரமே. நல்ல கவிதை தோன்றுமாயின் அதற்கு ஏடு உண்டு. இம்மலரின் பக்கங்களும் உண்டு.

தண்டனையே தகுந்த மருந்து என்பர் வேறு சிலர். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதே சிகிரியாச் சுவரிற் பெயர் கீறிய ஒருவருக்கு 2015இல் ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டுப் பின்னர் மன்னிப்பு வழங்கப்பட்டதை யாவரும் அறிவர். சட்டம் வேண்டியதே. ஆனால் காட்டின் நடுவே உள்ள ஒவ்வொரு குகைக்கும் காவலர் எங்ஙனம் கிடைப்பர்? மேலும், சட்டமே அழிவுக்கு இசைவளித்த கதையும் உலகில் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கிலே, 46,000 ஆண்டுகளுக்கு முன்னரே ஆதிக்குடிகள் தங்கிய தடயங்களையுடைய பாறைக் குகைகள், அரசு வழங்கிய அனுமதியோடு, இரும்புத் தாதுக்காக 2020 மே மாதத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உரியோர் தடுக்க முயன்றும் பயனில்லை.

தீங்கு எண்ணாது செல்வோராலும் கேடு விளைவதுண்டு. பிரான்சு நாட்டு லாஸ்கோ குகை 1940இல் வெளிப்பட்டது. காண வந்தோரின் மூச்சுக் காற்றே ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியமையால், 1963இல் அது மக்களுக்கு அடைக்கப்பட்டது. நம் உறவினர் வாழும் நீலகிரியை நோக்குவோம். 1964 ஒப்பந்தத்தின்பின் இம்மலைகளை விட்டுச் சென்றோரிற் பலர் அங்கே தேயிலை நட்டு வாழ்கின்றனர். கோத்தகிரிக்கு அப்பால், இருளர் வாழும் கரிக்கியூரிலே பழம்பெரும் பாறை ஓவியங்கள் உள்ளன. அவற்றின்மீதும் வந்துபோவோர் பெயர்களைக் கிறுக்கியுள்ளனர். கடல் கடந்தும் இப்பழக்கம் நம்மவரை விட்டிலது.

ஆகவே காவலும் சட்டமும் ஒருபுறமிருக்க, வகுப்பறையிலே தொடங்கவேண்டிய வேலை நம்முடையது. அதற்கு மூன்று கருத்துகளை முன்வைக்கின்றேன்.

முதலாவது, மாணவரைத் தொல்லிடங்களுக்கு அழைத்துச் செல்லுமுன் அங்கே வாழ்ந்தோர் யாவரென ஒரு வாரமேனும் கற்பித்தல் வேண்டும். அன்று யான் அது செய்திலேன். குகை வாயிலில் நின்றே வேடர் கதையைச் சொன்னேன். அவன் கீறிய எழுத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது, தொலைவிலுள்ள பெருநகரங்களுக்கு மாத்திரமன்றி அருகிலுள்ள இடங்களுக்கும் செல்லுதல் வேண்டும். ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கினால் கித்துல்கல. அங்குள்ள பெலி லேனாவிலே கலாநிதி சிரான் தெரணியகல அகழ்ந்தபோது, பன்னீராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனித எலும்புகளும் நுண்ணிய கற்கருவிகளும் கிடைத்தன. கொழும்புக்குப் போகும் பேருந்திலே அவ்விடத்தைக் கண்மூடிக் கடந்தோர் நம்மிற் பலர். யானும் அவர்களுள் ஒருவன். இத்தீவிலே முதலில் வந்தவர் யார், பின்னர் வந்தவர் யார் என்னும் வழக்கு எழும்போதெல்லாம், அக்குகையின் முன்னே நாம் அனைவரும் பின்வந்தோரே என்பதை மாணவர் தம் கண்ணாற் காணட்டும். விருந்தினர் வீட்டுச் சுவரிற் கீறுவதில்லை.

மூன்றாவதே முதன்மையானது. பெயர் எழுதும் ஆசைக்கு நாம் நல்லதோர் இடம் தரல் வேண்டும். அன்று பேருந்திற் திரும்புகையில் அம்மாணவனை என் அருகில் இருத்தி, "உன் பெயர் இருக்கட்டும், உன் பாட்டியின் பாட்டி பெயர் என்ன?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் என் பாட்டியின் பாட்டி பெயர் தெரியாது. ஒரு மாதம் கழித்து அவன் பயிற்சிக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தான். லயத்து முதியோரைக் கேட்டுக் கேட்டு, ஐந்து தலைமுறையில் இருபத்துமூன்று பெயர்களை எழுதியிருந்தான். யார் எந்த மலையிற் கொழுந்து பறித்தார், யார் எங்கே அடக்கமானார் என்னும் குறிப்பும் சில பெயர்களுக்கு இருந்தது. தன் பெயரைக் கடைசி வரியில் எழுதியிருந்தான்.

அத்தகைய கொப்பிகளுக்கு நம் கல்லூரி நூலகத்திலே ஓர் அலுமாரி ஒதுக்கப்படுமாக. ஒவ்வொரு மாணவனும் கல்லூரியை விட்டுச் செல்லுமுன் தன் குடும்பப் பெயர்க்கொப்பி ஒன்றை அங்கே வைத்துச் செல்லட்டும். பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழாவின் நினைவாக நாட்டும் கல்லோடு இதனையும் செய்வாராயின், செலவு சிறிது, பயன் பெரிது. முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றமையாற் காலந்தாழ்த்தலும் ஆகாது.

தந்திரிமலையில் அவன் கீறிய ஓரெழுத்து இன்னும் அங்கேயே இருக்கும். அதை அழிக்க முயன்றாற் பாறைக்கு மேலும் ஊறு நேரும். அவ்வெழுத்தைப்போல் இன்னோர் எழுத்து எந்தக் குகையிலும் நம் பிள்ளைகளால் எழுதப்படாதிருக்கச் செய்வதே நாம் செய்யக்கூடிய கழுவாய். இன்று கற்கும் மாணவரும் அவர்தம் ஆசிரியரும் இதனை உளங்கொள்வார்களாக.