வாடைக்காற்றில் தீவுப் பயணம்



கல்யாணம், மௌத்து, நோயாளியைப் பார்ப்பது என்று ஏதாவது ஒரு தேவைக்காக மழைக்காலத்திலும் ஊர்காவற்றுறைக்கும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போக நேர்கிறது. வாகனம் ஓட்டுபவர் கணவராகவோ மகனாகவோ இருக்கலாம். ஆனால் "போவதா, நிற்பதா?" என்ற பேச்சு வீட்டில்தான் நடக்கிறது. அதில் உங்கள் சொல்லுக்கும் இடமுண்டு.

மார்கழிக் கடலின் சீற்றத்தை 1964 காட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 22 இரவு, வட இலங்கையைத் தாக்கிய புயல் கடல் தாண்டித் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலை அலை மூடியதில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2008 நவம்பரில் நிஷாவும் 2020 டிசம்பரில் புரெவியும் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்தின. 2025 நவம்பரில் டித்வா நாட்டில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது.

புறப்படுமுன் வானிலை அறிவித்தலைக் கேளுங்கள். டயர் தேய்ந்திருந்தால் ஈரத் தெருவில் வாகனம் வழுக்கும், மாற்றச் சொல்லுங்கள். பிரேக், வைப்பர், விளக்குகள், பற்றரி ஆகியவற்றைப் பார்த்து, பெற்றோலை யாழ் நகரிலேயே நிரப்புங்கள். டோர்ச், கயிறு, குடிநீர், உலர் உணவு, சார்ஜ் ஏற்றிய தொலைபேசி இவையும் இருக்கட்டும். படகு நின்றால் தீவில் தங்க நேரும். ஆகவே குழந்தையின் பால்மாவும் பெரியவர்களின் மருந்தும் இரண்டு நாளுக்குக் கூடுதலாக வேண்டும்.

பண்ணையிலும் வேலணை–புங்குடுதீவு தாம்போதியிலும் இரு பக்கமும் கடல். பக்கக் காற்று வாகனத்தைத் தள்ளும். வேகத்தைக் குறைக்க வேண்டும். ஸ்கூட்டரில் செல்லும் சகோதரிகள் பலத்த காற்றில் அந்த வழியைத் தவிருங்கள். அபாயாவின் ஓரமும் சால்வையும் சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள்.

தெருவின் மேல் நீர் ஓடினால் விளிம்பு தெரியாது. ஓரடி ஆழத்தில் ஓடும் நீரே சிறிய காரை மிதக்கவைத்துவிடும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். முன்னால் போன பஸ்ஸைப் பார்த்து இறங்காதீர்கள். அதன் உயரம் வேறு. நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. உள்ளே நீர் புகுந்திருந்தால் எஞ்சின் உடைந்துபோகும். நீர் ஏறுமானால் பொருட்களை விட்டுப் பிள்ளைகளுடன் உடனே மேட்டுக்குச் செல்லுங்கள்.

குறிகட்டுவானில் வாகனத்தைக் கடலோரத்தை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். படகில் பாதுகாப்பு அங்கி இல்லாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். கூட்டம் அதிகமானால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். படகு நிறுத்தப்பட்டால், "எப்படியாவது கொண்டுபோய் விடுங்கள்" என்று எவரிடமும் மன்றாடவேண்டாம். வீடு திரும்பியதும் வாகனத்தின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவினால் உப்புத் துரு பிடிக்காது.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இரு இலக்கங்களையும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

எந்த இடத்தில் நீரைக் கண்டால் திரும்புவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். தெருவில் வைத்துப் பேசினால் அவசரமே வெல்லும். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மனத்தாங்கல் வரும்; நாளடைவில் அதுவும் ஆறிவிடும். ஜனாஸாவுக்குப் போய்ச் சேர முடியாவிட்டால் வீட்டிலிருந்தே துஆச் செய்யலாம். பயண துஆவை ஓதுங்கள். பயணத்துக்கான ஆயத்தத்தையும் செய்யுங்கள். கடல் அடங்கியபின் இன்ஷா அல்லாஹ் போகலாம்.