சும்மா ஒரு கொழும்புப் பயணம்



பாப்பாமோட்டையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 1990ஆம் ஆண்டில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் அமர்ந்து படித்த ஐந்து பேர். இன்று ஒருவர் எருக்கலம்பிட்டியில், ஒருவர் விடத்தல்தீவில், இருவர் புத்தளத்தில். ஐந்து பேரும் சேர்ந்து ஒருநாள் கொழும்பைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். வீட்டில் சொன்னதும் மாமி கேட்ட முதல் கேள்வி, “கொழும்புல என்ன அலுவல்?” என்பதுதானாம். அலுவல் ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம். “எங்கே போகலாம் என்றும் எழுதுங்கள், என்ன அலுவல் என்று சொல்வதென்றும் எழுதுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாமியின் மீது கோபப்படாதீர்கள். நமது பகுதிப் பெண்களுக்குக் கொழும்பு என்றாலே அலுவல்தானே! பாஸ்போர்ட் எடுக்கக் கொழும்பு. மஹரகம ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோகக் கொழும்பு. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன எத்தனை சகோதரிகள் கொழும்பை வேனின் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினார்கள்! யுத்த காலத்தில் மதவாச்சியில் இறங்கி, மூட்டையை அவிழ்த்துக் காட்டி, வேறு பஸ் மாறி, தங்குமிடத்தில் பொலிஸ் பதிவு செய்து, அலுவலை முடித்த கையோடு திரும்பி ஓடிவந்த ஊர் அது. அங்கே போய்ச் சும்மா நிற்பது என்பதை மாமியால் எப்படி நினைத்துப் பார்க்க முடியும்?

ஆனால் இந்த ஐந்து பேரின் கதையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இவர்கள் சிறுமிகள். மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனவர்கள் பலர், தரைவழியாக நடந்தவர்கள் பலர். வாங்கில் பக்கத்தில் இருந்தவள் எந்த முகாமில் இருக்கிறாள் என்று அறிய வருடங்கள் ஆயின. 2009க்குப் பிறகு சிலர் ஊர் திரும்பினார்கள். சிலருக்குப் புத்தளமே ஊராகிவிட்டது. அதற்குப் பின் இவர்கள் சந்தித்ததெல்லாம் கல்யாண வீட்டிலும் மையித்து வீட்டிலும்தான். அங்கே சமையலும் அழுகையும் இருக்கும், ஆறுதலாக உட்கார்ந்து பேச நேரம் ஏது? ஆகவே, சகோதரியே, அலுவல் இருக்கிறது. “என் கூட்டாளிமாரோடு ஒருநாள் இருக்கப்போகிறேன்” என்று நேராகச் சொல்லுங்கள். துணி வாங்கப்போகிறேன், டொக்டரிடம் காட்டப்போகிறேன் என்று பொய்க்காரணம் தேடாதீர்கள். ஒருமுறை பொய் சொல்லிப் போனால் அடுத்த முறையும் பொய் சொல்ல வேண்டிவரும்.

தூரப் பயணம், ஆண் துணை வேண்டும் என்று வீட்டார் சொன்னால் அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள். யாராவது ஒருவரின் தம்பியையோ வளர்ந்த மகனையோ அழைத்துப் போங்கள். பைகளைத் தூக்கவும் ஆள் வேண்டுமல்லவா! அவர் நான்கு அடி பின்னால் வரட்டும், நீங்கள் பேசிக்கொண்டே போங்கள்.

இனிப் பயணத்துக்கு வருவோம். மன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியுமுன் புறக்கோட்டை. புத்தளத்துக்காரர்கள் அதிகாலையில் புறப்பட்டு வந்து சேர்ந்துகொள்ளலாம். சந்திக்கும் இடம் கோட்டை ரயில் நிலைய வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கேர்ணல் ஒல்கொட்டின் சிலை நிற்கும், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நாள் தெரிவுசெய்வதில் கவனம். போயா நாளும் ஞாயிறும் வேண்டாம், புறக்கோட்டைக் கடைகள் பல பூட்டிக் கிடக்கும். வெள்ளியும் வேண்டாம், ஜும்ஆ நேரத்தில் நம்மவர்களின் கடைகள் மூடிவிடும். செவ்வாய், புதன் நல்ல நாட்கள். தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

காலையில் கடைகள் திறக்குமுன் புறக்கோட்டையைப் பார்ப்பது ஒரு தனி அழகு. நாட்டாமைமார் கைவண்டிகளோடு வரத் தொடங்கும் நேரம். பிரதான வீதியின் முகப்பில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பமொன்று தங்கள் தந்தையின் நினைவாக 1923இல் கட்டியது. அங்கிருந்து இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் திரும்பினால்... சுப்ஹானல்லாஹ்! சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, மாதுளம்பழக் குமிழ்களோடு எழுந்து நிற்கிறது ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றால்தான் ஊருக்குத் தெரியும். தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1908இல் தொடங்கி மறு வருடம் கட்டி முடித்தார்கள். வரைந்தவர் எச்.எல். சாய்பு லெப்பை, கட்டடக் கலையை எந்தக் கல்லூரியிலும் பயிலாதவர்! உயர்ந்த கட்டடங்கள் வருமுன், கடலில் வரும் கப்பற்காரர்கள் இந்தக் குமிழ்களைக் கண்டே கொழும்பு வந்துவிட்டது என்று அறிவார்களாம்.

செட்டியார் தெரு நகைக்கடைகளுக்கும் கெய்சர் வீதித் துணிக்கடைகளுக்கும் இப்போது போகாதீர்கள். போனால் அந்த நாள் அங்கேயே முடிந்துவிடும், எனக்குத் தெரியும் உங்களை! மாலையில் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்.

ஒரு பணிஸும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறித் தேசிய நூதனசாலைக்குப் போங்கள். “நூதனசாலையா? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போகிற இடமல்லவா?” என்று முகம் சுளிக்காதீர்கள். கொழும்பில் ஒரே ஓரிடம்தான் பார்க்க நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வெள்ளை மாளிகை போன்ற அந்தக் கட்டடம் 1877 ஜனவரியில் ஆளுநர் கிரகரியால் திறக்கப்பட்டது. கட்டியவர் யார் தெரியுமா? நம் சமூகத்தைச் சேர்ந்த வாப்பிச்சி மரைக்கார். புறக்கோட்டையின் பழைய நகர மண்டபமும் கோட்டையிலுள்ள பழைய தபால் நிலையமும் அவர் கட்டியவையே. திறப்பு விழாவில் “உமக்கு என்ன கௌரவம் வேண்டும்?” என்று ஆளுநர் கேட்டாராம். மரவேலை செய்தவர் பட்டம் கேட்டுப் பெற்றுக்கொண்டார். வாப்பிச்சி மரைக்கார் கேட்டதோ, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்பது மட்டும்! அப்படியே நீண்ட காலம் நடந்தது. பின்னாளில் கண்டி மன்னரின் அரியணையை மக்கள் எல்லா நாளும் பார்க்க வேண்டும் என்று வந்தபோது, பிரதமர் டி.எஸ். சேனநாயக்கா மரைக்காரின் பேரர் சேர் ராசிக் பரீதிடம் சம்மதம் கேட்டே வெள்ளியன்றும் திறக்கச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அந்த ராசிக் பரீதின் முயற்சியில்தான் 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி எழுந்தது. பாட்டனார் கட்டடம் கட்டினார், பேரர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். எனக்குப் பின்னதுதான் பெரிதாகப் படுகிறது.

அரியணையையும் பாருங்கள். 1693இல் ஒல்லாந்தர் கண்டி மன்னருக்குக் கொடுத்தது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்து போய், 1934இல் திரும்பி வந்தது. பொருளும் அகதியாகித் திரும்பும் போலும்!

ஆனால் ஆறுதலாக நிற்க வேண்டிய இடம் இன்னொன்று. காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் ஷெங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனாவிலேயே பொறித்துக் கப்பலில் கொண்டுவந்த கல் இது. அவர் பிறப்பால் முஸ்லிம். ஒரே கல்லில் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தேவந்துறைக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயரால் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று பட்டியல் போகிறது. மூன்று மொழியிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல், ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்றில்லை. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். தமிழ் எழுத்துகளை உற்றுப் பாருங்கள், ஓரிரு எழுத்தாவது பிடிபடும்.

அங்கே நிற்கும்போது உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தூரமில்லாத மாந்தையையும் நினைத்துக்கொள்ளுங்கள். திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் மேடு தட்டிக் கிடக்கிறதே, அதுதான் ஒரு காலத்தில் அரபிகளும் பாரசீகரும் சீனப் பொருட்களும் வந்துபோன பெருந்துறை. 1980களில் தோண்டினார்கள், 1984இல் யுத்தத்தால் நிறுத்தினார்கள். 2009–2010இல் மீண்டும் தோண்டியபோது கிடைத்தவற்றுள் கரிந்துபோன மிளகும் ஒரேயொரு கிராம்பும் உண்டு. அந்தக் கிராம்புக்கு வயது ஏறக்குறைய ஆயிரம்! கிராம்பு இந்தோனேசியத் தீவுகளின் பயிர். அது கடல் கடந்து நம் மாந்தைக்கு வந்திருக்கிறது. பிரியாணிக்குக் கிராம்பு போடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நூதனசாலை முற்றத்தில் பெரிய ஆலமரம் ஒன்று நிற்கிறது. எல்லோரும் படமெடுப்பார்கள். மன்னார்ப் பெருக்க மரத்தைப் பார்த்த நமக்கு அது சாதாரணம்தான், இருந்தாலும் நீங்களும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பகலுணவுக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் பக்கத்திலுள்ள விகாரமகாதேவிப் பூங்காவில் நிழல் பார்த்து அமரலாம். காசும் மிச்சம், பேச நேரமும் கிடைக்கும். நீங்கள் வந்ததே அதற்குத்தானே! பயணிகளுக்கு ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழச் சலுகை இருப்பதால் பதற்றம் வேண்டாம். எந்தப் பள்ளியில் பெண்களுக்கு இடமுண்டு என்று கொழும்பிலுள்ள உறவினரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கழுவிக்கொள்ளும் வசதியை நூதனசாலையில் இருக்கும்போதே பயன்படுத்திவிடுங்கள். இதை யாரும் எழுதமாட்டார்கள், பெண்களுக்கு இதுதான் பெரிய பிரச்சினை.

தாமரைக் கோபுரத்துக்கு ஏறுவதா? 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், சுமார் 350 மீட்டர் உயரம். பிள்ளைகளோடு போனால் ஏறுங்கள். ஐந்து தோழிகளுக்கு அது அவசியமில்லை என்பது என் எண்ணம். கீழே நின்றாலே தெரிகிறது. தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு ஒரு முழுநாள் வேண்டும், அதையும் இம்முறை விட்டுவிடுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் காலி முகத்திடல். கடல்தானே, நம்மூரில் இல்லாததா என்று கேட்பீர்கள். நம்மூர்க் கடலில் நாம் எப்போது சும்மா நின்றோம்? வலை, கருவாடு, கரைக்குத் திரும்பாத வள்ளம் என்று கடலும் நமக்கு அலுவலாகத்தான் இருந்தது. இங்கே வேறு. இந்தத் திடலை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது, தேடிப் பாருங்கள். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இந்த இடத்தைப் பேணும்படி தமக்குப் பின் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்வதாக அதில் பொறித்துவைத்திருக்கிறார். அவர் மனதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்கள்தான், நாமல்ல. இருந்தாலும் கல்லில் அப்படி எழுதியில்லையே! பெண்கள் என்றுதான் இருக்கிறது. பாப்பாமோட்டைப் பெண்ணும் பெண்தான். மாமிக்குக் காட்ட அதையும் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

அதே திடலில்தான் 2022 ஏப்ரல் முதல் மாதக்கணக்காக மக்கள் கூடாரமடித்திருந்தார்கள், ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே போனார். இப்போது மீண்டும் பட்டம் விடுகிறார்கள், இறால் வடை விற்கிறார்கள். முழு இறாலை வடையின்மேல் வைத்துப் பொரித்துத் தருவார்கள். மன்னார் இறால் தின்று வளர்ந்த வாய்க்கு அது கொஞ்சம் சிறிதாகத்தான் தெரியும். அதைப் பற்றிக் கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்!

சூரியன் கடலில் இறங்கி, மஃரிபையும் முடித்துக்கொண்டு காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் பிடித்தால் புறக்கோட்டைக்கு வந்துவிடலாம். புத்தளத்துத் தோழிகளை முதலில் ஏற்றிவிடுங்கள், அவர்களுக்குத்தான் வழி குறைவு. மன்னார் பஸ்ஸுக்கு ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்துவைத்திருந்தால் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் அமரலாம். இரவில் குளிர் கடுமையாக இருக்கும், ஆளுக்கொரு சால்வை எடுத்துப் போங்கள்.