கல்லாப்பெட்டிக்குக் காப்பு! கரண்டி பிடித்தவனுக்கு?

முகப்பேரில் ஓர் ஓட்டல். பெயர் வேண்டாம், ஒருவரைச் சந்தியில் நிறுத்துவதல்ல நம் நோக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வரும் தோழர்கள் பசியாறும் இடம் அது. சென்ற மாதம் அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். தீ விபத்துப் பாலிசி தருமுன் இடத்தைப் பார்வையிட வேண்டுமாம். முதலாளி எனக்குப் பழக்கம். நானும் உடன் நடந்தேன்.

குளிர்ப்பெட்டி எத்தனை? குறித்தார். கிரைண்டர் என்ன விலை? எழுதினார். மேசை, நாற்காலி, பெயர்ப்பலகை, ஒன்றையும் விடவில்லை! சமையற்கட்டிலே புகைபோக்கியைத் தடவினார். விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. "ஒரு பொறி போதும், குழாய் வழியே தீ மாடிக்கு ஏறிவிடும்" என்றார். அடுப்பருகே அடுக்கியிருந்த சிலிண்டர்களைக் காட்டி, "இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையிலேயே தேங்கும். வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்" என்றார். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எச்சரித்தார். நல்ல அறிவுரை, நன்றி சொல்வோம்.

ஆனால், தோழர்களே! பின்மூலைக்கு அவர் போகவில்லை. போயிருந்தால் ஒரு பரணைப் பார்த்திருப்பார். பரண்மீது ஆறு பாய்கள். மாவு பிசைபவன், மேசை துடைப்பவன், பாத்திரம் தேய்ப்பவன், உசிலம்பட்டிக்காரனும் ஒடிசாக்காரனும் ஒன்றாகப் படுக்கும் இடம் அதுதான். இறங்க ஓர் ஏணி. வெளியேற ஒரே ஷட்டர். இரவு பதினொன்றுக்கு அதற்கும் பூட்டு, வெளிப்புறத்தில்!

"சாவி எங்கே தம்பி?" என்று கேட்டேன்.

"முதலாளி வீட்டுல இருக்குண்ணே" என்றான், சிரித்துக்கொண்டே. சிரிப்பா அது? சிந்தித்துப் பாருங்கள்.

கற்பனை அச்சமல்ல இது. 2017 ஜூலை 15 இரவு, இதே சென்னையில், கொடுங்கையூரில், பூட்டியிருந்த பேக்கரி ஒன்று தீப்பற்றியது. அணைக்க வந்த நேரத்தில் சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் மாண்டார்; நாற்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அதே ஆண்டு டிசம்பர் 29, மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவு விடுதிகளிலே தீ. 14 உயிர்கள் பலி. தப்ப வழியின்றிக் கழிப்பறையில் ஒதுங்கி, புகையில் மூச்சுத் திணறி மடிந்தோர் பலர். தீ கொல்வதற்கு முன் கொல்வது புகை. புகைக்குத் துணைநிற்பது பூட்டிய கதவு!

தீப் பாலிசி எதைக் காக்கும்? கட்டடத்தை, கருவியை, சரக்கை. பரணில் படுத்திருப்பவன் இந்த மூன்றில் எதிலே சேர்த்தி? எதிலுமில்லை! அவனுக்கு வேறு காப்பு உண்டு. பத்துப் பேர் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ.; அதற்கான சட்டம் 1948இல் வந்தது. ஈ.எஸ்.ஐ. இல்லாத சிறு கடையிலும் வேலையில் விபத்து நேர்ந்தால் நட்டஈடு தரும் கடமை முதலாளிக்கு உண்டு; அதற்கான சட்டம் 1923இலேயே வந்தது. இன்று இரண்டும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடக்கம். ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லாதவன், தான் அங்கே உழைத்தான் என்பதை எதைக் காட்டி மெய்ப்பிப்பான்?

முதலாளியைப் பழிப்பது எளிது. இந்த முதலாளியும் ஒரு காலத்தில் மேசை துடைத்தவர்தான். வாடகை கொடுத்து மாளாது. தங்க இடம் தந்தோமே என்று அவர் நினைக்கிறார். ஆனால் இடம் தந்த கை, வெளியே பூட்டவும் செய்கிறதே! சட்டத்தைக் காட்டினால் "பார்க்கலாம்" என்பவர், பிரீமியம் ஏறும் என்றால் மறுநாளே ஆளை அழைத்துப் பூட்டைக் கழற்றுவார். அந்த வலிமை அதிகாரியின் பேனாவிலே இருக்கிறது.

ஆகவே கேட்கிறோம்: பார்வையிட வரும் அதிகாரி ஓட்டல் தொழிலாளி ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லட்டும். சமையற்கட்டில் யாரும் படுக்கக்கூடாது, உள்ளிருந்து திறக்கும் இரண்டாவது கதவு வேண்டும், எல்லார் பெயரும் பதிவேட்டில் ஏறவேண்டும் என்று நிபந்தனை எழுதட்டும். அறிக்கையின் நகல் ஒன்று அடுப்படிச் சுவரில் தொங்கட்டும்.

தோழனே, உனக்கும் வேலை உண்டு. இன்றிரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது, இலை எடுக்கும் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "ராத்திரி சாவி யாரிடம்?"