விடுமுறை இல்லமும் ஊராரின் இல்லமும்

குடும்பத்தோடு சில நாள் வெளியூர் சென்று இளைப்பாறி வருதல் நல்லதென்பதை எவரும் மறுப்பதில்லை. எங்குத் தங்குவது, எவ்வாறு உண்பது என்பதே கேள்வி. உறவினர் இல்லம் ஒரு வழி. விடுதி மற்றொரு வழி. பிரித்தானிய மக்களோ மூன்றாவது வழியொன்றைப் பெரிதும் விரும்புகின்றனர். நாட்டுப்புறத்திலோ கடலோரத்திலோ உள்ள ஒரு சிறு வீட்டை, அடுப்பும் பாத்திரமும் கட்டிலும் மேசையுமாக ஒரு வாரத்திற்கு வாடகைக்கு எடுத்து, தாமே சமைத்து உண்டு தங்குவதே அது. நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் அந்நாட்டில் பணிபுரிகின்றனர். அவர்களும் இவ்வழக்கத்தை மேற்கொள்வதுண்டு. ஆதலின் இதன் நன்மை யாது, இதற்குரிய விலையை உண்மையில் கொடுப்பவர் யார் என்பதை இத்திங்கள் சிந்திப்போம்.

எடுத்துக்காட்டாக வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள பெம்புரோக்சயரை நோக்குவோம். அதன் கடற்கரை 1952-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1970-இல் திறக்கப்பெற்ற கடலோர நடைபாதை 186 மைல் நீளமுடையது. பாறை முகடுகளும், சிறு குடாக்களும், பசும்புல் வயல்களும் அடுத்தடுத்து வரும். ஸ்கோமர் தீவில் வேனிற்காலத்தில் பஃபின் என்னும் கடற்பறவைகள் வளைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். புனித தாவீதின் பெயரால் வழங்கும் செயின்ட் டேவிட்ஸ், ஈராயிரம் பேர்கூட இல்லாத சிற்றூரே எனினும் நகரம் என்னும் தகுதி பெற்றது. அதன் பேராலயக் கட்டடம் 1181-இல் தொடங்கப்பெற்றது. வடபகுதியில் வேல்ஸ் மொழி இன்றும் வீட்டு மொழியாக வழங்குகின்றது.

அங்கே வாடகைக்கு விடப்படும் வீடுகளுட் பல, ஒரு காலத்தில் மீனவரும் கற்சுரங்கத் தொழிலாளரும் பண்ணையாட்களும் வாழ்ந்தவை. தடித்த கற்சுவர், சிறிய சன்னல், தாழ்ந்த கூரை. தொழில்கள் நலிந்தபோது அவ்வீடுகளும் வெறுமையாயின. போர்த்கைன் துறைமுகத்தில் கல் உடைக்கும் தொழில் 1931-இல் முடிவுற்றது. மறுபுறம், ஊதியத்தோடு விடுப்பு என்னும் கொள்கைக்கு 1938-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. உழைப்பாளிக்கு ஓய்வுநாள் கிடைத்தது. பழைய வீட்டிற்கு விருந்தினர் கிடைத்தனர்.

நடைமுறை எளியது. வழக்கமாகச் சனிக்கிழமை பிற்பகல் திறவுகோலைப் பெற்று உள்ளே செல்வர். மறு சனிக்கிழமை காலை பத்து மணியளவில் வெளியேறுவர். இடைப்பட்ட சில மணி நேரத்தில் அவ்வூர்ப் பெண்கள் விரைந்து வந்து, படுக்கை விரிப்பு மாற்றி, அடுக்களை துலக்கி, அடுத்த குடும்பத்திற்கு வீட்டை ஆயத்தம் செய்வர். மேசைமேல் பாலும் ரொட்டியும் வைத்து வரவேற்பதும் உண்டு. பள்ளி விடுமுறைக் காலமான ஆகஸ்டில் வாடகை உச்சத்திலிருக்கும். குளிர்காலத்தில் மிகக் குறையும்.

இதன் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. விடுதியில் குடும்பம் அறை அறையாகப் பிரிந்திருக்கும். இங்கே ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றது. மழை பெய்து வெளியே செல்ல இயலாத நாளில் தந்தை பிள்ளைகளோடு விளையாடுகின்றார். பாட்டி கதை சொல்ல நேரம் வாய்க்கின்றது. அழியவிருந்த கட்டடங்களும் பிழைக்கின்றன. 1965-இல் நிறுவப்பட்ட லேண்ட்மார்க் அறக்கட்டளை, பாழடைந்த பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு, இவ்வாறு வாடகைக்கு விட்டே அவற்றைக் காத்து வருகின்றது. பெம்புரோக் நகரருகே அது காக்கும் மாங்க்டன் பழைய மாளிகை, ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் மடத்தின் விருந்தினர் இல்லமாக இருந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில் விருந்தினருக்கெனத் தனி அடுக்களை வேண்டுமென்று வகுத்தார். எந்நேரமும் வந்துசேரும் விருந்தினரால் துறவியரின் அமைதி குலையலாகாது என்பது அதன் நோக்கம். விருந்தினரைப் பேணுவதும், அவ்விடத்தே வாழ்வோரின் வாழ்வு குலையாமல் காப்பதும் ஒருசேர நடைபெற வேண்டுமென்பதை அவர் அறிந்திருந்தார்.

இங்கு இரு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, வீட்டிற்குள்ளேயே எழுவது. தாமே சமைத்து உண்பது என்கிறோமே, சமைப்பவர் யார்? ஆண்டு முழுவதும் அடுப்பருகே நின்ற தாய், கடலோர வீட்டிலும் அடுப்பருகேயே நின்றால், அவருக்கு அது இடமாற்றமேயன்றி ஓய்வாகாது. ஒரு நாள் தந்தை சமைக்கட்டும். ஒரு நாள் மூத்த பிள்ளைகள் சமைக்கட்டும். ஒரு மாலை கடையில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி உண்ணட்டும். சோறு குழைந்தாலும் குற்றமில்லை. தாய்க்குக் கிடைக்காத விடுமுறை குடும்ப விடுமுறை ஆகாது.

இரண்டாவது கேள்வி வீட்டிற்கு வெளியே எழுவது. ஒரு வீடு விடுமுறை இல்லமாகும்போது, அவ்வூரில் வாழ விரும்பும் ஒரு குடும்பத்திற்கு அவ்வீடு இல்லாமற் போகின்றது. வெளியூர்ச் செல்வரோடு போட்டியிட்டு வீடு வாங்க உள்ளூர் இளைஞனால் இயலாது. மணமானதும் வேற்றூர் செல்கின்றான். பிள்ளைகள் குறையப் பள்ளி மூடப்படுகின்றது. பள்ளியின் பின்னே கடையும் மூடப்படுகின்றது. வேல்ஸ் மொழி வழங்கும் சிற்றூர்களில் அதனோடு மொழியும் மெலிகின்றது.

அரசும் மக்களும் வாளாவிருக்கவில்லை. 2023 ஏப்ரல் முதல் வேல்ஸ் அரசின் விதிப்படி, ஒரு வீடு ஆண்டில் 182 நாளேனும் உண்மையாக வாடகைக்குப் போயிருந்தால்தான் தொழிலாகக் கருதப்படும் என்றாயிற்று. அதற்கு முன் 70 நாளே போதுமானதாயிருந்தது. இரண்டாம் வீடுகளுக்கு, வழக்கமான வீட்டு வரிக்குமேல் 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்க உள்ளாட்சி மன்றங்கள் அதிகாரம் பெற்றன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரார் 2016 மே மாதம் வாக்களித்து, புதிதாகக் கட்டப்படும் வீடுகள் ஊரில் நிலையாக வாழ்வோருக்கே உரியவை எனத் தீர்மானித்தனர். வாக்களித்தோரில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் இசைந்தனர். ஆயினும் அவ்விதி பழைய வீடுகளைத் தழுவாமையால், அவற்றை வெளியூரார் வாங்குவதற்குத் தடையில்லை.

மறுபக்கத்தையும் நடுநிலையோடு காண்பது கடமை. பால் விலையை மட்டும் நம்பி வாழ இயலாத உழவர், பழைய களஞ்சியத்தை விருந்தினர் இல்லமாக்கித் தம் நிலத்தைக் காத்துக்கொள்கின்றார். அது எவருடைய வீட்டையும் பறித்ததன்று. சனிக்கிழமைதோறும் துப்புரவு செய்யும் பெண்ணும், படகோட்டியும், தேநீர்க் கடைக்காரரும் விருந்தினரை நம்பியே பிழைக்கின்றனர். எனவே விடுமுறை இல்லங்கள் அனைத்தும் தீயவை என்பது நீதியன்று. ஊரார் வாழ்ந்து மிஞ்சிய இடத்தில் விருந்தினர் தங்குகின்றனரா, அல்லது விருந்தினர் தங்கி மிஞ்சிய இடத்தில் ஊரார் வாழ்கின்றனரா என்பதே வேறுபாடு.

"வாடகையைக் கொடுத்துவிட்டோம், இதற்குமேல் நமக்கென்ன பொறுப்பு?" என்று சிலர் கேட்கலாம். வாடகை உரிமையாளரைச் சேர்கின்றது. ஊருக்கு நாம் பட்ட கடன் தீர்வதில்லை. ஆகவே, இத்தகைய இல்லத்தில் தங்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்குச் சில கூறுவோம். அவ்வூரிலேயே வாழும் உழவரின் வீட்டைத் தேடி அமர்த்துங்கள். ஒரு வாரத்திற்குரிய அரிசி பருப்பு அனைத்தையும் நகரத்திலிருந்தே சுமந்து செல்லாமல், ஊர்க்கடையில் ரொட்டியும் முட்டையும் மீனும் வாங்குங்கள். குறுகிய பாதையில் எதிரே உழவர் வண்டி வந்தால் உங்கள் காரைப் பின்னுக்கு எடுத்து வழிவிடுங்கள். புறப்படும் காலையில் பாத்திரம் கழுவி, குப்பை அகற்றிச் செல்லுங்கள். உங்களுக்குப் பின் அங்கு வருபவள் அடுத்த வீட்டிற்கும் விரைந்து செல்ல வேண்டியவள். இயலுமாயின் கூட்டம் மிகுந்த ஆகஸ்டை விடுத்து, கடைகள் வெறிச்சோடும் பிப்ரவரியில் செல்லுங்கள். பள்ளிகளுக்கு அம்மாதத்திலும் ஒரு வாரம் விடுமுறை உண்டு. அவ்வாரத்தில் நீங்கள் ஏற்றும் விளக்கு, அத்தெருவில் எரியும் சில விளக்குகளுள் ஒன்றாயிருக்கும்.