பாதைக் கல்லுக்கு எத்தனை சட்டம்?



ஆண்டு மலரில் போன் விளையாட்டைப் பற்றியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கிரிக்கெட் பற்றி எழுதினால் மட்டும் சுளிப்பதில்லையே!

2016 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த போகிமான் கோ, உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அல்ல. நடக்க வேண்டும். ஊரில் உள்ள கோயில், சிலை, மண்டபம்தான் அதில் 'போக்கிஸ்டாப்'. எறிகிற பந்து அங்கே கிடைக்கும். டவுனில் தெருவுக்குத் தெரு இருக்கும். நம் கிராமத்துப் பையன் பந்துக்காகப் பஸ் ஏற வேண்டும்.

புது இடத்தை ஆடுகிறவர்களே எழுதிப்போடலாம். இரண்டு படம், பெயர், விளக்கம். நியாண்டிக் கம்பெனி 2019-ல் தொடங்கிய வேஃபேரரில் மற்ற ஆட்டக்காரர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். கேட்க நல்ல ஜனநாயகம்தான். ஆனால் பாதைக் குறி என்று வந்தால் குழப்பமோ குழப்பம்! பலகையில் பாதையின் பெயர் இருந்தால் சரி, வெறும் கிலோமீட்டர் எண் என்றால் கூடாது என்று ஒரு விளக்கம் இருந்தது. 2020 நவம்பரில் விதியை மாற்றி எழுதினார்கள். சுற்றிப் பார்க்க, உடற்பயிற்சி செய்ய, நாலு பேர் கூட ஏற்ற இடமா என்று மூன்று கேள்வி. இதற்கு ஆளுக்கொரு பதில் வரத்தானே செய்யும்? ஒரே மாதிரிக் கல், ஒன்று பாஸ், அடுத்தது பெயில். 2025-ல் ஆட்டமே ஸ்கோப்லி கைக்கு மாறிவிட்டது. பாதைக்குப் பலகை வேண்டும் என்று நினைக்கிற மனசு மாறவில்லை.

கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கொரு எண். அதை வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். லாரி திரும்புகிற இடத்தில் எவன் நிற்பான்? ஆனால் சுமைதாங்கிக் கல்? இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். தலைச்சுமைக்காரர் பாரம் இறக்கி மூச்சுவாங்கிய இடம். பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்டதும் உண்டு. சந்தைக்கு நடந்து போன காலத்துப் பாதைக்கு இதைவிடப் பெரிய குறி என்ன இருக்கிறது? அதில் பெயர்ப்பலகை தேடினால் எங்கே கிடைக்கும்! ஊர் பழக்கம் தெரியாதவர் பார்த்தால் அது சும்மா மூணு கல்லுதான்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். மனு எழுதுகிற வேலையெல்லாம் என் தலையில்தான். ஒரு ஆபீசில் ஒரு ஜன்னலில் வாங்கிக்கொண்ட காகிதத்தை அடுத்த ஜன்னலில் திருப்பிக் கொடுப்பார்கள். "சட்டம் ஒன்னுதானப்பா, ஆளுக்கு ஒன்னு சொல்றாங்களே?" என்பார் அப்பா. மறுத்தது அவருக்கு வருத்தமில்லை, எதற்கென்று சொல்லாததுதான். விளையாட்டில்கூட அதே கதை என்றால் எரிச்சல் வராதா?

சர்வே வகுப்பில் பெஞ்ச்மார்க் கல் யார் லெவல் வைத்துப் பார்த்தாலும் ஒரே மட்டம்தான். அந்த அளவுக்குக் கேட்கவில்லை. எந்தக் கல் ஆகும், எது ஆகாது என்று அந்தந்த நாட்டுப் படத்தோடு பத்து உதாரணம் போடட்டும். அதில் சுமைதாங்கி ஒன்று இருக்கட்டும். தள்ளினால், தள்ளியவர் சொந்தமாக ஒரு வரி எழுதட்டும். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது.