கடைக்காரர் காட்டும் கிகாஹெர்ட்ஸ்

கம்ப்யூட்டர் கடைக்குப் போனால் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களிடம் முதலில் நீட்டப்படுவது ஒரு எண். "சார், இது 4.4 கிகாஹெர்ட்ஸ், அது வெறும் 2.5 தான்!" எண் பெரிதென்றால் வேகமும் பெரிது என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். இந்தப் பேச்சு பாதிக்கு மேல் புரட்டு என்பதே என் கட்சி.

ப்ராசஸருக்குள் ஒரு கடிகாரம் துடிக்கிறது. 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 கோடி துடிப்பு. அவ்வளவுதான். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அந்த எண் சொல்லாது. சின்ன வாளியால் 30 தடவை இறைப்பவரும், பெரிய வாளியால் 20 தடவை இறைப்பவரும் கிணற்றடியில் நிற்கிறார்கள். யார் தொட்டி முதலில் நிறையும்? வாளியைப் பார்க்காமல் சொல்ல முடியுமா?

இதற்குச் சரித்திரமே சாட்சி. 2000-இல் வந்த இன்டெல் பென்டியம் 4, 1.4 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 2004-இல் 3.8-ஐத் தொட்டது. கூடவே சூடும் ஏறியது. 4 கிகாஹெர்ட்ஸ் மாடலை அறிவித்த அதே நிறுவனம் அதைக் கைவிட்டது. 2006-இல் கோர் 2 டுவோ வந்தது. அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடலே பழைய 3.8-ஐப் பின்னுக்குத் தள்ளியது. எண் இறங்கியது, வேகம் ஏறியது!

இன்னொரு தந்திரம், "4.4 வரை" என்பதில் உள்ள அந்த "வரை". ஆடித் தள்ளுபடியில் "50 சதவீதம் வரை" என்று போடுவார்களே, அதே "வரை"தான். மெல்லிய லேப்டாப் சூடானதும் அந்த வேகம் தானாகவே இறங்கிவிடும்.

அப்படியானால் கிகாஹெர்ட்ஸைப் பார்க்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். ஒரே தலைமுறை, ஒரே வகை ப்ராசஸர்கள் இரண்டை ஒப்பிடும்போது பாருங்கள். வேறு வேறு வகை என்றால் அந்த ஒப்பீடு செல்லாது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம், "ப்ராசஸர் பழசு, புதுசு வாங்குங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். ப்ராசஸர் 10 சதவீதம்கூட வேலை செய்யவில்லை. ஹார்ட் டிஸ்க்தான் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டார். இன்றும் அதே கம்ப்யூட்டரில்தான் பேரனோடு வீடியோவில் பேசுகிறார்.

ஆகவே புதிது வாங்குமுன் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். எஸ்.எஸ்.டி. இருக்கிறதா? ராம் குறைந்தது 8 ஜி.பி., முடிந்தால் 16 இருக்கிறதா? ப்ராசஸர் எந்த வருடத்துத் தலைமுறை? கிகாஹெர்ட்ஸ் நாலாவது கேள்வியாக இருக்கட்டும். பென்ஷன் பணம் நம்முடையது. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதையும் நாமே முடிவு செய்வோம்.